அம்மாவின் தாலாட்டும் நாலு பிளேயரும்

எங்கள் வீட்டுப் பெரியவள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகிறது. பேத்தி பகலெல்லாம் சமர்த்து. ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் கச்சேரி. தூளியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து, தெரிந்த சினிமாப் பாட்டையெல்லாம் முணுமுணுத்துத் தீர்த்துவிட்டேன். ஒருநாள் பெரியவள் கேட்டாள்: "ஏம்மா, ஆயா ஒரு தாலாட்டுப் பாடுவாங்களே, அதைப் பாடேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தாலாட்டில் முதல் நாலு வரிதான் எனக்கு வரும். விவரம் தெரிந்த நாள் முதல் காதில் விழுந்ததுதான். அம்மா இருக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன். அம்மா 2011-ல் போய்விட்டாள்.

ஆனால் பாட்டு போகவில்லை. சின்னவனுக்கு 2006-ல் போளூரில் தொட்டில் போட்டபோது வீடியோ எடுத்தோம். அதில் அம்மா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடியிருக்கிறாள். வீடியோக்காரர் அதை ஒரு டி.வி.டி.யில் போட்டுக் கொடுத்தார். அவர் கடை இப்போது இல்லை. அசல் டேப்பும் இல்லை. உலகத்தில் அம்மாவின் குரல் இருப்பது அந்த ஒரு தட்டில்தான்.

பீரோவில் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், பின்பக்கம் வளைவாக நாலைந்து கீறல். சின்னவன் தவழ்கிற வயசில் அதைத் தரையில் தேய்த்து பஸ் ஓட்டியிருக்கிறான்! போதாததற்கு ஐப்பசி மழை வந்தால் எங்கள் ஜவ்வாது மலையில் துணியே காயாது. காகித உறை நமுத்துப்போய் தட்டோடு லேசாக ஒட்டியிருந்தது.

தனி டி.வி.டி. பெட்டி எப்போதோ பழுதாகிப் போய்விட்டது. இருப்பது இவர் 2012-ல் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர். அதில் தட்டு போடும் டிரைவ் உண்டு. சின்னவன் அதை ஒரு ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டு ஹால் டி.வி.யோடு இணைத்து வைத்திருக்கிறான். கொட்டகை போலப் பெரிதாகப் பார்க்கலாம். இன்டர்நெட்டில் படம் பார்க்கிற காலத்தில் தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைப்பது கொல்லைப்புறப் பலா மரத்தடியில்தான். மரத்தடியில் நின்றுகொண்டு யார் சினிமா பார்ப்பது? ஆகவே அத்தைக்கு பக்திப் படம், எனக்குப் பழைய படம் எல்லாம் எங்கள் வீட்டில் இன்னமும் தட்டுதான்.

ஆசையாகத் தட்டைப் போட்டேன். கம்ப்யூட்டர் கர்ரென்று சுற்றியது. படம் வரவில்லை. "ஏன்டா, முன்னே எல்லாம் போட்டதும் ஓடுமே?" என்றேன் சின்னவனிடம். அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

"அது பழைய விண்டோஸ் 7-ம்மா. நான் விண்டோஸ் 10 போட்டேன் இல்ல? அதுல அந்த வசதி கூடவே வராது."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். டி.வி.டி.யில் படத்தை அப்படியே வைக்க இடம் போதாது. ஒரு தட்டில் 4.7 ஜி.பி.தான் கொள்ளும். அதனால் எம்பெக்-2 என்கிற முறையில் சுருக்கி, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை விரித்துக் காட்ட ஒரு புரோகிராம் வேண்டும். அந்த முறைக்கு அப்போது காப்புரிமைக் கட்டணம் இருந்தது. விண்டோஸ் 7-ல் ஹோம் பிரீமியம் மாதிரி சில வகைகளில் அது சேர்ந்தே வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் சேர்ப்பதில்லை. டிரைவே இல்லாத கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்டபோது, தட்டு போடாதவர் தலையிலும் அந்தச் செலவை ஏன் கட்டுவது என்ற கணக்கு. சாதம் மட்டும் சாப்பிடுகிறவனிடம் பாயசத்துக்கும் காசு வாங்கலாமா? நியாயம்தான். ஆனால் பாயசம் வேண்டுகிற என் கதி?

வேறு பிளேயர் போட்டால் போச்சு என்றான். அப்படித்தான் ஒரு வாரம் நாலு பிளேயர்களைப் போட்டுப் பார்த்தோம். புடவைக் கடையில் நாலு புடவையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பேனே தவிர, கம்ப்யூட்டர் புரோகிராமை இப்படிப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

முதலில் வி.எல்.சி. ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலையில் வைக்கும் கூம்பு படம் போட்டிருக்குமே, அதுதான். பாரிஸில் ஒரு கல்லூரியில் 1996-ல் மாணவர்கள் ஆரம்பித்த வேலை. 2001-ல் எல்லோருக்கும் இலவசம் என்று திறந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வேடிக்கைக்காகச் சாலைக் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம். அதையே அடையாளமாக வைத்துவிட்டார்கள். விரிக்கும் புரோகிராம் அதற்குள்ளேயே இருக்கிறது. வேறெதையும் தேட வேண்டாம். ஆனால் அதை வி.எல்.சி.யின் சொந்த இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடங்களில் அதே கூம்பைக் காட்டி வேண்டாத விளம்பரச் சரக்கையெல்லாம் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள்.

வி.எல்.சி.யில் போட்டதும் படம் வந்துவிட்டது. அம்மா தெரிந்தாள்! ஆனால் என்ன அலங்கோலம்? ஒல்லியான என் அம்மா பூசணிக்காய் மாதிரி குண்டாக இருந்தாள். கையை அசைக்கும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்தது.

குண்டுக்குக் காரணம் எளிது. அந்தக் காலத்து வீடியோ நாலுக்கு மூன்று என்ற கிட்டத்தட்டச் சதுர வடிவம். இந்தக் காலத்து டி.வி. பதினாறுக்கு ஒன்பது, அகலம். படத்தை இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாவார்கள். வி.எல்.சி.யில் ஆங்கில 'ஏ' எழுத்தைத் தட்டத் தட்ட வடிவம் மாறுகிறது. நாலுக்கு மூன்று வந்ததும் அம்மா இளைத்து அம்மாவானாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

சீப்புப் பல் விஷயம் சுவாரசியமானது. அப்போதைய கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுக்காதாம். முதலில் ஒற்றைப்படை வரிசைகள், அடுத்த கணம் இரட்டைப்படை வரிசைகள். கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வைத்துவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புவோமே, அப்படி. வினாடிக்கு 25 படம், அதாவது 50 அரைப் படம். பழைய டி.வி. பெட்டியும் அதே மாதிரி வரிசை விட்டு வரைந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் இரண்டு அரையையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டும்போது, அதற்குள் அசைந்துவிட்ட கை இரண்டு இடத்தில் தெரிகிறது. இதைச் சரிசெய்ய டீஇன்டர்லேஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. வி.எல்.சி.யில் 'டி' எழுத்தைத் தட்டினால் போதும். உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டை டி.வி.டி.யாக்கி வைத்திருந்தால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மாங்கல்யம் கட்டும் கை அப்படியே தெளிவாகும்.

இரண்டாவது கோடி. 2002-ல் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது. 2014-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். இதுவும் இலவசம். டி.வி.யிலேயே பார்ப்பதற்கென்று செய்தது, எழுத்தெல்லாம் இவ்வளவு பெரிது. கண் மங்கிய அத்தைகூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே படித்துவிடுகிறார்கள். படத்தைப் பாதியில் நிறுத்தினால் ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்குகிறது. அத்தை சாயந்திரம் பாதி, மறுநாள் மீதி என்று பார்ப்பவர்கள். "இதுதாம்மா நல்லா இருக்குது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். கம்பியில்லாத சின்ன கீ-போர்டு ஒன்று வைத்தால் மவுஸைத் தேட வேண்டாம். ஆனால் முதல்முறை அமைக்கும்போது அறைக்குள் அறை, அதற்குள் அறை என்று போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை உதவிக்கு இருந்தால்தான் முடியும்.

மூன்றாவது தைவான்காரர்களின் பவர் டி.வி.டி. காசு கொடுத்து வாங்குவது. சில நாள் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். டி.வி.டி. படம் 720-க்கு 576 புள்ளிதான். பெரிய டி.வி.யில் அது மங்கலாகத் தெரியாமல் மெருகேற்றிக் காட்டுவதில் இதற்குத் தனித் திறமை உண்டு. கடையில் வாங்கிய சினிமாத் தட்டு இதில் பளிச்சென்று இருந்தது. மாதம் இரண்டு தட்டு பார்க்கும் எங்களுக்கு அவ்வளவு பணம் கட்டாது என்று இவர் சொல்லிவிட்டார். நாலாவது எம்.பி.சி.-ஹெச்.சி. மிகவும் லேசு, பழைய கம்ப்யூட்டரைத் திணறவைக்காது. ஜோடனை இல்லை. முதலில் செய்தவர்கள் 2017-ல் நிறுத்திவிட்டார்கள். வேறொருவர் எடுத்து நடத்துகிறார்.

சொல்ல மறந்துவிட்டேனே. லண்டனிலிருந்து உறவுக்காரப் பெண் ஒரு சினிமாத் தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டால், "பிராந்தியத்தை மாற்றட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் அவசரக்காரி, சரி என்று அழுத்தப் போனேன். சின்னவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். உலகத்தைப் பிராந்தியமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்களாம். இந்தியா 5, இங்கிலாந்து 2. டிரைவில் அந்த எண்ணை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாம் தடவை எது இருக்கிறதோ அதுவே நிரந்தரம். என்னைப் போல அவசரப்பட்டுவிடாதீர்கள்.

சரி, தாலாட்டுக்கு வருகிறேன். அது 41-ஆவது நிமிஷத்தில் வருகிறது. அந்த இடத்தில்தான் சின்னவனின் பஸ் ரூட்!

அங்கேதான் நாலு பிளேயரின் சுயரூபமும் தெரிந்தது. ஒன்று அந்த இடம் வந்ததும் அம்மா வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டியதாயிற்று. இன்னொன்று, கெட்ட இடம் வந்ததும் சாமர்த்தியமாக அடுத்த பகுதிக்குத் தாவிவிட்டது. நேராகப் பந்தியில் இலை போடுகிறார்கள்; தாலாட்டு முழுசும் காணோம். பெயர் சொல்லிப் பழி போட மாட்டேன். நல்ல தட்டைப் போட்டால் இரண்டும் அருமையாகத்தான் ஓடுகின்றன. வி.எல்.சி. மட்டும் விழுந்து எழுந்து ஓடியது. முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது, குரல் விட்டு விட்டு வந்தது, ஆனாலும் வந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அம்மா குரல். பெரியவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பில் பால் வைத்தது பொங்கி வழிந்தது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பப் போடு, திரும்பப் போடு என்றேன். சின்னவன் மறுத்துவிட்டான். "வேண்டாம்மா. ஒவ்வொரு தடவையும் டிரைவ் முட்டி மோதிப் படிக்குது. எது நல்ல பிளேயர்னு பார்க்கிறதை விடு, முதல்ல இதைக் காப்பி எடுக்கணும்."

தட்டில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. சிவப்பு லேசர் வெளிச்சம் தட்டில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் டிரைவ் படிக்கிறதாம். எங்கள் மலையிலேயே காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி, நட்சத்திர வெளிச்சத்தைப் பிடித்துப் படிக்கிறது. இதுவும் வெளிச்சத்தைப் படிக்கிற வேலைதான், ஆனால் இங்கே எல்லாம் பொடி. ஒரு தலைமுடி அகலத்துக்குள் ஏறக்குறைய நூறு வரிசை அடங்கிவிடும். தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் ஓரளவு சமாளித்துவிடும். வரிசையோடு வளைந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. அதனால்தான் தட்டை வட்டமாகத் துடைக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். நான் இத்தனை வருஷம் தோசைக்கல் துடைக்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறேன்! இவர் பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று யாரோ சொன்னதாகக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு தட்டுதான் இருக்குது, அதுல உங்க பரீட்சை வேணாம்" என்று பிடுங்கி வைத்துவிட்டேன்.

வீட்டில் எழுதிய டி.வி.டி.க்கு இன்னொரு வியாதியும் உண்டு. கடையில் விற்கும் சினிமாத் தட்டு அச்சில் அழுத்தி எடுத்தது. வீடியோக்காரர் எழுதிக் கொடுப்பது சாயப் படலத்தின் மேல் லேசரால் எழுதியது. வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் படலம் கெடும். காகித உறையை விட, தட்டைத் தொடாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நல்லது.

காப்பி எடுக்க அவன் டிடிரெஸ்க்யூ என்ற இலவசப் புரோகிராமைப் போட்டான். அதை லினக்ஸில் ஓட்டலாமாம். ஒரு பென்டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பி ஓட்டினான். இதன் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல் பொறுக்கும்போது நாம் என்ன செய்வோம்? சந்தேகமில்லாத அரிசியை மளமளவென்று தள்ளிவிட்டு, கல் நிறைந்த இடத்தைக் கடைசியில் உட்கார்ந்து பொறுக்குவோம். இதுவும் அப்படித்தான். நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்ப வந்து முட்டுகிறது. எதுவரை முடித்தது என்று ஒரு கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கிறது. முதல் ராத்திரியே இரண்டு மணிக்குக் கரன்ட் போய்விட்டது. நான் பதறினேன். காலையில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

இரண்டு நாள் கழித்து 11 எம்.பி. பாக்கி நின்றது. மொத்தம் ஏறக்குறைய 4 ஜி.பி.யில் அது கால்தூசி. ஆனால் படத்தில் பதினைந்து வினாடி, அதுவும் தாலாட்டுக்குள். எத்தனை தடவை ஓட்டியும் அசையவில்லை. அப்போது சின்னவனுக்கு ஒரு யோசனை. எல்லா டிரைவுக்கும் ஒரே கண் கிடையாதாம். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்குமாம். திருவண்ணாமலையில் இருக்கும் சிநேகிதனிடம், யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றை இரவல் கேட்டு பஸ்ஸில் வாங்கிக்கொண்டு வந்தான். கணக்குப் புத்தகம் இருக்கிறதல்லவா, பாக்கி இருந்த இடத்தை மட்டும் அது முயன்றது. அன்று சாயந்திரம் சாமை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து கத்தினான்: "அம்மா, இரண்டு எம்.பி.தான் பாக்கி!"

மூன்று வினாடி. அதற்கு மேல் எந்த டிரைவுக்கும் மசியவில்லை.

இப்போது காப்பியைக் கோடியிலும் போட்டுப் பார்த்தோம், வி.எல்.சி.யிலும் போட்டுப் பார்த்தோம். தட்டு இல்லாத போது எல்லா பிளேயரும் நல்ல பிள்ளைதான். அத்தைக்குக் கோடி, எனக்கு வி.எல்.சி. என்று பங்கு பிரித்துக்கொண்டோம். அத்தைக்குக் காது சற்று மந்தம், வி.எல்.சி.யில் சத்தத்தை நூற்றுக்கு மேலும் ஏற்றலாம். குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம் என்று பெரியவள் தடை போட்டுவிட்டாள்.

அவள் போட்ட தடை அது மட்டுமா? பேத்தியை டி.வி. முன்னால் வைத்து ஆயாவைக் காட்டலாம் என்று நான் தூக்கிக்கொண்டு போனேன். "அம்மா, ஒரு வயசு வரைக்கும் திரையே காட்டக்கூடாது" என்றாள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம். எனக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு அவளே வழி சொன்னாள்: படம் எதற்கு, பாட்டு போதாதா? வி.எல்.சி.யில் மீடியா என்ற இடத்தில், மாற்றிச் சேமிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதில் எம்.பி.3 என்று தேர்ந்தெடுத்தால் ஒலியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கிறது. தாலாட்டு ஆறு நிமிஷம் வந்தது. மூன்று பென்டிரைவில் படமும் பாட்டும் போட்டோம். ஒன்று எங்களுக்கு, ஒன்று பெரியவளுக்கு, ஒன்று போளூரில் தம்பிக்கு. பெரியவள் செல்போனிலும் ஏற்றிக்கொண்டாள்.

இப்போது ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போனைத் தள்ளி ஜன்னல் மேல் வைத்து, சத்தம் குறைத்துப் போடுகிறோம். அம்மா பாடுகிறாள். நடுவில் பாத்திரம் உருளுகிற சத்தம், "காபி வந்துச்சா?" என்று யாரோ கேட்கிற குரல், தொட்டிலுக்குள் சின்னவனின் சிணுங்கல் எல்லாம் கேட்கிறது. மாமன் என்ன வாங்கி வந்தான் என்று சொல்லும் அடியில்தான் அந்த மூன்று வினாடி இல்லை. "மாமன்" என்பாள், பிறகு வெறும் அமைதி, பிறகு "கொண்டு வந்தான்" என்று தொடர்வாள்.

அது என்ன என்று வீட்டில் ஒரே சர்ச்சை. அன்றைக்குப் பக்கத்திலேயே இருந்த அத்தை, வெள்ளி அரைஞாண்தான் என்கிறார்கள். தம்பியைப் போனில் கேட்டேன். "தங்கச் சங்கிலிதான் அக்கா, நான்தானே மாமன், எனக்குத் தெரியாதா?" என்கிறான். அவன் அன்றைக்கு என்ன கொண்டு வந்தான் என்பது எனக்குத் தெரியும், சொன்னால் கோபித்துக்கொள்வான். இந்த ஒரு மாதத்தில் நான் பாட்டு முழுவதையும் பாடம் பண்ணிவிட்டேன். நேற்று ராத்திரி நானும் பெரியவளும் கூடவே பாடினோம். அந்த அமைதி வந்ததும் அவள் சட்டென்று "பென்டிரைவ்" என்று போட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பேத்தி அதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.